நாய் வந்து நின்ற வீடு

அப்பு, நேற்று நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரி, பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்குக் கோபம் தலைக்கேறினால் வாய் குளறும் என்பது உனக்குத் தெரியும். நீயோ பேச ஆரம்பித்தவுடனே "அம்மா, பஸ் வந்துருச்சு" என்று கட் பண்ணுகிறவன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை நீ ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன்னோடு ரூமில் தங்கியிருக்கும் பையன்கள் எட்டிப் பார்த்தாலும் பார்க்கட்டும். வேண்டுமானால் சத்தமாகவே படித்துக் காட்டு. நான் எழுதுவதில் நீ மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. நீதான் இத்தனை வருஷமாக மறைத்துக்கொண்டிருக்கிறாய்.

பெண் வீட்டார் வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். நல்ல விஷயம். உனக்குப் பிடித்த பெண், கோயம்புத்தூரில் உன் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பெண், பழனிப் பக்கத்து நல்ல குடும்பம். இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "வாரிய வீட்டுக்கு அவங்களக் கூட்டிட்டு வரவேணாம்மா, காந்திகிராமத்துல சித்தப்பா வீடு இருக்குல்ல, அதையே நம்ம வீடுன்னு காமிச்சிருவோம்" என்று சொன்னாய் பார், அங்கேதான் எனக்கு வயிறு எரிந்தது. அதோடு விட்டாயா? நம் வீட்டுச் சுவரில் இருக்கிற உன் அப்பா படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், மாலை போட்டுச் சித்தப்பா வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றாய். உயிரோடு இருக்கும்போது மூட்டை சுமந்த மனுஷன், செத்த பிறகும் ஒரு நாள் வேறு வீட்டில் போய்த் தொங்க வேண்டுமா? உன் சித்தி ஆணிகூட அடித்து வைத்துவிட்டாளாம். அவள் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, படம் எம்புட்டு உசரம்?" என்று அளவு கேட்கிறாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இந்த வீடு நமக்கு எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்காது. கண்மாய்க் கரையில் குடிசை போட்டிருந்தோம். மழை வந்தால் பாய், பாத்திரம், நீ எல்லாம் மேட்டுக்குப் போக வேண்டும். சர்க்கார் குடிசை மாற்று வாரியம் மூலமாக அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டு ஊருக்கு வெளியே மூன்று மாடிக் கட்டிடங்கள் கட்டி வீடு கொடுத்தது. நமக்குக் கீழ்த்தளத்தில் கடைசி வீடு. உள்ளே நுழைந்ததும் நீ குளியலறைக்கு ஓடிப்போய்க் குழாயைத் திருகினாய். தண்ணீர் வரவில்லை, காற்றுதான் வந்தது. அந்தக் காற்றுச் சத்தத்துக்கே கை தட்டினாய். உன் அப்பா வாசலில் நின்று கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். தாழ்ப்பாள் உள்ள கதவு அவர் வாழ்க்கையில் அதுதான் முதல். ஒரு வீட்டில் கதவு இருந்தால் போதும், இனி யாரும் கேட்காமல் உள்ளே வர முடியாது என்று அவர் நினைத்தார்.

அந்தக் கதவைப் போலீஸ்காரர்கள் முதல் வருஷமே உடைத்தார்கள். நம் கட்டிடங்களுக்குப் பின்னால் புதிதாகப் பிளாட் போட்டு ஆபீஸர்களும் கடைக்காரர்களும் வீடு கட்டினார்கள் அல்லவா, அங்கே ஒரு சைக்கிள் காணோம் என்றாலும் ஜீப் நேராக நம் இடத்துக்குத்தான் வரும். கோழி காணோம் என்றாலும் வரும். ஒரு முறை ஒரு வீட்டில் காணாமல் போன சிலிண்டரைத் தேடி வந்து, மூன்று மாடியும் ஏறி எல்லார் வீட்டுச் சிலிண்டரையும் உருட்டினார்கள். பிறகு அது அந்த வீட்டுக்காரர் மச்சான் வீட்டிலேயே இருந்தது. திரும்பி வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் எங்கே போய் "வாரிய வீடு" என்று சொன்னாலும் கேட்கிறவர் முகம் ஒரு மாதிரி ஆகும், கை தன்னால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கும். அந்தக் கையை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன்.

இப்போது நான் சொல்லப்போவது நம் ஆட்களே செய்த கூத்து. குழாய்த் தண்ணீருக்கு நமக்குள்ளே முறை வைத்திருந்தோம், நினைவிருக்கிறதா? இன்றைக்கு இந்த மாடி, நாளைக்கு அந்த மாடி என்று. அதே மாதிரி ஸ்டேஷனுக்கும் ஒரு முறை வைத்தார்கள். ஊரில் திருட்டு நடந்தாலோ, பெரிய ஆள் யாராவது வருவதாக இருந்தாலோ, திருவிழா வந்தாலோ, போலீஸ் வந்து கதவை உடைப்பதற்கு முன்னால் நாமே மூன்று நான்கு இளவட்டங்களை அனுப்பிவிடுவது. அவர்கள் போய் ஸ்டேஷன் வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வருவார்கள். ஜீப் கழுவச் சொன்னால் கழுவுவார்கள், கூட்டச் சொன்னால் கூட்டுவார்கள். பிறகு விட்டுவிடுவார்கள். இந்த வாரம் உன் வீட்டுப் பையன், அடுத்த வாரம் என் வீட்டுப் பையன். இந்த ஏற்பாட்டைப் பேசி முடித்தவர்களில் உன் அப்பா ஒருவர். "நம்மளா போய் உக்காந்துட்டா அடி விழுகாது, பொம்பளப்புள்ளைக இருக்குற வீட்டுக்குள்ள பூட்ஸ் காலோட வரமாட்டாக" என்றார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சந்தைப்பேட்டையில் மூட்டை சுமந்து தோள் காய்த்துப் போன மனுஷன், இன்னொரு சுமையை எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். நியாயமாகத்தான் பிரித்தார். சுமையே நியாயமில்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

எங்கள் யாருக்கும்தான் உறைக்கவில்லை. உனக்கு மீசை அரும்பியதும் உன் முறையும் வந்தது. பக்கத்து வீட்டு ஜீனத் தன் மகனுக்கும் உனக்கும் சேர்த்து ஒரே தூக்கில் சோறு கட்டிக் கொடுத்தாள், நான் வெஞ்சனம் வைத்தேன். வேலைக்கு அனுப்புகிற மாதிரி தலை சீவி அனுப்பினோம். எந்தத் தப்பும் செய்யாத பிள்ளையை, இன்னும் யாரும் கூப்பிடாத இடத்துக்கு, சோற்றுத் தூக்கோடு அனுப்புகிற தாய்மார்களை வேறு எங்காவது பார்த்திருக்கிறாயா? பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் தொடையில் சூடு போடுவேன் என்று மிரட்டியவள் நான். ஸ்டேஷனுக்கு நேரமாகிவிட்டது, கிளம்புடா என்றவளும் நானேதான்.

நாய் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராத்திரி ஷிப்டு முடித்து மில் பஸ்ஸில் வந்து, தலையில் பஞ்சோடு அப்படியே பாயில் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாய். நான் வாசலுக்கு வெளியே அடுப்பைப் பற்றவைத்து ஆட்டுத் தலையும் காலும் வாட்டிக்கொண்டிருந்தேன். பிரியாணிக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வாட்டிச் சுரண்டி மஞ்சள் தேய்த்துக் கொடுக்கிற இந்தத் தொழில்தான் உன்னை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியும் முன்பே முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு நான் போகிற இடம் எது தெரியுமா? போலீஸ் குவார்ட்டர்ஸ். இன்ஸ்பெக்டர் வீட்டம்மா என் கையால் வாட்டினால்தான் கால் சூப்பு மணக்கும் என்பார். அன்றைக்கும் கொடுத்துவிட்டு வந்துதான் அடுத்த கூடைக்கு உட்கார்ந்தேன்.

பின்னால் இருக்கிற பிளாட்டில் ஒரு வீட்டில் முந்தின ராத்திரி பீரோவை உடைத்து நகையை எடுத்துவிட்டார்களாம். இந்தத் தடவை ஜீப்போடு நாயும் வந்தது. நல்ல உயரமான நாய், பளபளவென்று இருந்தது, நம் வீட்டில் அன்றைக்கு எல்லாரையும்விடப் போஷாக்கான ஆள் அதுதான். திருட்டு வீட்டில் மோப்பம் பிடித்து, வேலியைத் தாண்டி, நம் கட்டிடத்து ஓரமாக வந்து, வாலை ஆட்டிக்கொண்டு நேராக என் அடுப்புக்கு முன்னால் நின்றது. நின்றதா? நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆட்டுக்காலைப் பார்த்தது. நாயைப் பிடித்திருந்த போலீஸ்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்க்கிறார், அது நகரவே இல்லை. நான் சிரித்துவிட்டேன். "ச்சீ, போ" என்று கையிலிருந்த கத்தியை ஆட்டினேன். அதற்குள் இன்ஸ்பெக்டர், "பாத்தியாய்யா, நேரா வந்து நின்னுருச்சு" என்றார். இரண்டு பேர் என்னைத் தாண்டி உள்ளே போனார்கள். தூக்கத்திலிருந்த உன்னைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார்கள். "சார், நான் நைட்டு மில்லுல இருந்தேன் சார்" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் கேட்கிறது. "எல்லாப் பயலும் மில்லுலதான் இருப்பீக" என்றார் அவர்.

உன் அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு ஓடி வந்தார். வந்தவர் ஜீப்பை மறிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, "அய்யா, இந்த வாரம் நம்ம முறை இல்லிங்களே" என்றார். அப்பு, நான் அதைக் கேட்டேன். அந்த மனுஷர் கெட்டவர் இல்லை, கோழையும் இல்லை. ஆனால் சொந்தப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றும்போது அவர் வாயில் வந்த வார்த்தை அது. முறை வைத்துக் கொடுத்தால் அவர்களும் முறையோடு நடப்பார்கள் என்று அத்தனை நாளும் நம்பியிருந்தார். முறை என்பது நமக்குள் வைத்த கணக்கு, இன்ஸ்பெக்டருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. ஜீப் போய்விட்டது.

"செத்த நேரம் பொறு புள்ள. கவுன்சிலரப் பாத்துச் சொல்லி, நயமாப் பேசிக் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார் அப்பா. பொறுத்தேன். கவுன்சிலர் சாமி கும்பிடுகிறார் என்றார்கள், பொறுத்தேன். சாப்பிடுகிறார் என்றார்கள், அதற்கும் பொறுத்தேன். உன் உள்ளங்காலில் லத்தி விழுந்தது அந்தப் பொறுத்த நேரத்தில்தான் என்று பிறகுதான் தெரிந்தது. ஜீனத்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னாடி, அவரு சாப்புட்டுக் கை கழுவுறதுக்குள்ள நம்ம புள்ள திருடன்னு கையெழுத்துப் போட்டுருவான்டி. வா, போவோம்" என்றாள். போகிற வழியில் ஒவ்வொரு கட்டிடத்துக்கும் கீழே நின்று அவள் கத்தினாள். பெண்கள் இறங்கி வந்தார்கள். அரிசி களைந்த கையோடு, தலைக்கு எண்ணெய் வைத்த கோலத்தோடு வந்தார்கள். நான் வேலை செய்த சேலையோடு போனேன், மஞ்சளும் கவிச்சியுமாக.

ஸ்டேஷன் முற்றத்தில் அந்த நாயைக் கட்டிப்போட்டு, அதன் போலீஸ்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் நாய் எழுந்து குதித்தது. கயிறு நீள்கிற மட்டும் வந்து என் முந்தானையை மோந்து பார்த்து, வாலை ஆட்டி ஒரே கொண்டாட்டம். உறவுக்காரி வந்த மாதிரி. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, "இந்தாம்மா, கூட்டம் போடாதீக. நாய் பொய் சொல்லாது" என்றார்.

"சொல்லாதுங்கய்யா. அது சொன்னது உங்களுக்குத்தான் வெளங்கல" என்றேன். "நாய் எங்க போயி நிக்கிதோ அந்த வீட்டுல திருடன் இருக்கான், அதான உங்க கணக்கு? அப்ப இன்னொருக்கா அவுத்து விடுங்க."

அவர் ஏதோ திட்டினார். நான் காது கொடுக்கவில்லை. நாய்க்கார போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார், நாயை வேனில் ஏற்றுவதற்காக. நான் திரும்பி ஸ்டேஷனை ஒட்டின சந்து வழியாக நடந்தேன். பின்னால் நாய், அதன் பின்னால் அவர், "ஏனுங்கம்மா, நில்லுங்க, ஏனுங்கம்மா" என்று இழுபட்டுக்கொண்டே வருகிறார். பெண்கள் மொத்தமும் பின்னால் வருகிறார்கள். சந்து முடிந்தால் குவார்ட்டர்ஸ். அங்கே போனதும் நாய்க்கு நான் தேவைப்படவில்லை. என்னைத் தாண்டி ஓடிப்போய் ஒரு வீட்டுக் கொல்லைக் கதவில் முன்னங்கால் இரண்டையும் வைத்து நின்றுகொண்டது. உள்ளே குக்கர் விசில் அடித்தது. இன்ஸ்பெக்டர் வீட்டம்மா கரண்டியோடு கதவைத் திறந்தார். காலையில் நான் கொடுத்த கால், மிளகு தட்டிப் போட்டு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை சந்துவரை வந்தது.

"இப்ப இந்த வீட்டுல யாரை ஏத்தப் போறீக ஜீப்புல?" என்று நான் கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். டீக்கடைக்காரர், ரோட்டில் போனவர்கள், மாடியில் துணி காயப்போட்ட ஏட்டு சம்சாரம், எல்லாருக்கும் கேட்டது. அந்த ஏட்டு சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய், "பொம்பளையா இருக்கேன்னு பாக்குறேன்" என்றார். "பாக்காதீங்கய்யா. என்னையும் ஏத்துங்க. நாய் என்னையவும்தான் மோந்துச்சு. இவுக எல்லாரையும் ஏத்துங்க" என்று பின்னால் நின்றவர்களைக் காட்டினேன். ஜீனத் முன்னால் வந்து நின்றாள். "எங்களுக்குச் சர்க்கார் வீடு குடுத்துச்சு. உங்களுக்கும் சர்க்கார்தான வீடு குடுத்துருக்கு? இதே சுண்ணாம்பு, இதே சன்னலு. எங்க வீட்டு ஆளுக மட்டும் எப்புடிங்க திருடன் ஆனாக?" என்று கேட்டாள். அதற்கான பதிலை இன்றைக்கும் நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக் கேட்டதும் உன்னை விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதே. நீ உள்ளே இருந்ததால் உனக்கு இதெல்லாம் தெரியாது, நானும் உன்னிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்தோம். மத்தியானம் ஆனது, யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவர்கள் மில்லுக்குப் போன் போட்டார்கள். ஒரே ஒரு போன். ராத்திரி நீ மெஷினில் நின்றாய் என்று சூப்பர்வைசர் சொன்னார். காலையில் உன் தலைமுடியைப் பிடிப்பதற்கு முன்னால் அந்தப் போனைப் போட்டிருக்கலாம். உன்னை வெளியே அனுப்பினார்கள். செருப்புப் போட முடியாமல் கையில் தூக்கிக்கொண்டு நீ படி இறங்கி வந்தாய். யாரும் "தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லவில்லை. அந்த நகையைத் திருடியவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது என் வேலையும் இல்லை. உன் அப்பா உன்னைத் தோளில் தாங்கிக்கொண்டு நடந்தார். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் நின்று எல்லார் முன்னாலும், "இனிமே யாரு வீட்டுப் புள்ளையும் முறைக்குப் போக வேணாம். என்னைக் கேட்டா போக வேணாம்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகு ஜீப் வராமல் இல்லை. வந்தது, இரண்டு மடங்காக வந்தது. பையன்களை அனுப்புவதை நிறுத்தியதற்குக் கோபம் வேறு. ஆனால் நாங்கள் சும்மா இல்லை. ஒரு பையனைக் கூப்பிட்டால், "என்ன கேசுங்கய்யா?" என்று கேட்க ஆள் இருந்தது. ஒருவன் ஏறினால் கூடவே அவன் கட்டிடத்துப் பெண்கள் நடந்து போனோம். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கியிருக்கிறோம், பூக் கட்டியிருக்கிறோம். அவர்களுக்கு எங்களைப் பார்த்தால் எரிச்சல் வரும்படி செய்தோம். இன்ஸ்பெக்டர் வீட்டம்மாவுக்கு அதோடு நான் கால் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆள் விட்டுக் கேட்டார். கத்தி மழுங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் நீ மட்டும் இன்னும் அந்த ஸ்டேஷனை விட்டு வெளியே வரவே இல்லை, அப்பு. கால் வீக்கம் வற்றியதும் நீ சொன்ன முதல் வார்த்தை, "இங்கருந்து போயிருவோம்மா" என்பதுதான். போனாய். கோயம்புத்தூரில் நல்ல வேலை, நல்ல பேர். உன் உழைப்பு எனக்குப் பெருமை. ஆனால் யார் ஊர் கேட்டாலும் சித்தையன்கோட்டை என்கிறாய், சின்னாளப்பட்டி என்கிறாய், இப்போது காந்திகிராமம். ஒரு வாரியக் குடியிருப்பைச் சொல்லாமல் இருக்க, சுற்றியிருக்கிற ஊர் பேரெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டாய். பொங்கலுக்கு வந்தாலும் ரோட்டிலேயே இறங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருகிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. அடி வாங்கியவன் நீ. உன் வலியை நான் பங்கு கேட்கவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பார். அன்றைக்கு அவர்கள் சொன்னது, இந்த வீட்டில் பிறந்தவன் திருடன் என்று. இன்றைக்கு நீ இந்த வீட்டை மறைக்கும்போது, அவர்கள் சொன்னதை நீயும்தான் ஒத்துக்கொள்கிறாய். தப்பு செய்தவர்கள் குவார்ட்டர்ஸில் நிம்மதியாகச் சூப்புக் குடித்தார்கள். தப்பே செய்யாத நீ முகத்தை மறைத்துக்கொண்டு திரிகிறாய். இது என்ன நியாயம், நீயே சொல்லு.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்லியாக வேண்டும் அல்லவா, இதை வைத்துக்கொள். பெண்டாட்டியிடம் முதல் நாளே ஒரு வீட்டை ஒளித்தால், வாழ்நாள் முழுக்க அதற்குக் காவல் காக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் அதற்கும் பொய் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாட்டியைப் பார்க்க வருவதற்குக்கூட இருட்டட்டும் என்று காத்திருப்பாய். நான் செத்தால் என்னை எந்த வீட்டிலிருந்து எடுப்பாய்? சித்தப்பா வீட்டிலிருந்தா? நான் வரமாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

அதனால் நேற்று நீ போனை வைத்ததும் நான் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டேன். கோபப்படு, பரவாயில்லை. "சம்பந்தி, எங்க வீடு காந்திகிராமத்துல இல்ல. திண்டுக்கல்லுல வாரிய வீடு. போலீஸ் நாய் வந்து நின்ன வீடு. எம்மகனத் தூக்கிட்டுப் போயி அடிச்சாக, அவன் ஒரு தப்பும் பண்ணல" என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரிங்க, வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றனுங்க" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுஷர் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் குரல் இறங்கிப் போனது எனக்குத் தெரியாமல் இல்லை. வைத்த பிறகு, உன் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வானேன், பயந்துதான் போனேன்.

இன்று காலையில் அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அத்தை, அப்பா சொன்னாருங்க. ஞாயித்துக்கெழம நாங்க வர்றோமுங்க, உங்க வீட்டுக்கேதான் வர்றோமுங்க" என்றாள். பிறகு அவள், "போலீஸ் வந்ததெல்லாம் எனக்குப் பெருசா தெரியலைங்க. அவரு ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டாள். குரலில் கோபமில்லை, வருத்தம்தான். நான் உனக்காகப் பதில் சொல்லவில்லை. "அதை அவன்கிட்டயே கேளு தாயி, அவனே சொல்லுவான்" என்றேன். நீ சொல்லுவாய் என்று ஒரு பெண்ணிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதை நீதான் காப்பாற்ற வேண்டும்.

சனிக்கிழமையே கிளம்பி வா. அப்பா படம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜீனத் இனிப்புச் செய்கிறாள், நான் கறி எடுத்து வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் வீட்டாரைக் கூட்டிவர நீதான் பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டும், வேறு யாரையும் அனுப்ப மாட்டேன். இப்போதெல்லாம் நம் குடியிருப்புக்குள் திரும்புகிற முக்கில் ஒரு போலீஸ்காரரை உட்கார வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்பார். உங்களையும் நிறுத்துவார். பட்டுச் சேலையும் பழத்தட்டுமாக உன் பின்னால் அத்தனை பேர் நிற்கும்போது, "யாருய்யா நீ, யாரு வீட்டுக்குப் போற?" என்பார்.

தலையைக் குனியாதே, அவளைத் திரும்பிப் பார்க்காதே. அவர் முகத்தைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "எங்க வீட்டுக்கு" என்று சொல்லு.